பாட்டு நின்றால்

சாப்பாட்டு மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டோடு ஓடிவிட்டார்கள். காலி வகுப்பில் நான் மட்டும் பாடிக்கொண்டிருந்தேன். ரிட்டையர் ஆன பிறகும் வாரம் ஒருநாள் பழைய பாட்டுகளைச் சொல்லிக்கொடுக்க இங்கே வருகிறேன். பாட்டைப் பாதியில் விட மட்டும் என்னால் முடியாது.

இந்தப் பாட்டு சின்ன வயதில் மலைமேல் அரியூர் நாட்டில், எங்கள் சாமைக் காட்டுப் பரண்மேல் உட்கார்ந்து கிளி விரட்டப் பாடியது. எதிர்க் காட்டுப் பரணிலிருந்து அத்தை பதில் பாடுவாள். பாட்டு நின்றால் ஆபத்து என்று அர்த்தம். கேட்டவர் ஓடி வந்தாக வேண்டும். எட்டு வயதில், வருகிறாளா பார்ப்போம் என்று வேண்டுமென்றே நிறுத்தினேன். ஓடையில் இறங்கி, கல்லிலும் முள்ளிலும் விழுந்தடித்து ஓடி வந்தாள். "கண்ணு, உனக்கு ஒண்ணுமில்லியே?" என்றாள். அவள் கால் பெருவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டியது. உண்மையைக் கடைசிவரை நான் சொல்லவேயில்லை.

அந்த வழக்கத்தை இன்று காலைதான் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். என்ன புத்தியோ, மறுபடியும் நிறுத்திப் பார்த்தேன். திரும்பப் பாடிவிடலாம் என்று வாயெடுப்பதற்குள் வராந்தாவில் யாரோ ஓடி வரும் சத்தம்.

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சோற்றுக் கையோடு மூச்சிரைக்க வந்து நின்றாள். "என்னாச்சுங்க டீச்சர்?"

நான் முதலில் அவள் காலைத்தான் பார்த்தேன்.