மணி அடிக்கும் இருபது வரிகள்

ரயில் புறப்படப் பத்து நிமிடம் இருந்தது. பாலேஸ்வரி யன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு ஓர் அரபுக் கவிதையை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அவளுடைய கைப்பைக்குள் "ட்ரிங்" என்று ஒரு சத்தம்.

ரயில் மேடையில் நின்ற சிநேகிதி ஸபூரா கையை நீட்டினாள். "சைக்கிள் மணியைக் கழட்டிக்கொண்டே வந்தனீ? தா இங்கை."

"அது இல்லாமல் எனக்கு வராதடி."

"தா எண்டால் தா. நல்ல முடிவு வரட்டும், பிறகு தாறன்."

அன்று 1975 மாசி மாதத்து வியாழக்கிழமை. பாக்தாத்தில் அரபு படிக்கும் புலமைப்பரிசிலுக்கான நேர்முகத்துக்குப் பாலேஸ்வரி கொழும்புக்குப் போனாள். மணி ஸபூராவோடு, யாழ்ப்பாணத்தில் அவள் வீடு இருந்த சோனகத் தெருவுக்குப் போனது.

பாலேஸ்வரிக்கு வயது இருபத்துநான்கு. கோப்பாயில் எங்கள் அடுத்த வீடு. ஒரு வழக்கறிஞரிடம் தட்டச்சு வேலை. அதற்கு முந்திய வருடம், மூன்று வருடம் நாடு நாடாகத் திரிந்துவிட்டு நான் வந்திறங்கிய காலையில், அவள் கிணற்றடியில் நின்று தொண்டையின் அடியிலிருந்து ஓர் எழுத்தை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு அப்பாலிருந்து பரமலிங்கம் அண்ணை கொத்தமல்லி அவித்த தண்ணீரோடு ஓடிவந்தார். "பிள்ளை, நெஞ்சுச்சளியை இப்பிடி விடக்கூடாது." வாங்கிக் குடித்தாள். மறுபடி அதே எழுத்து. இந்த முறை நன்றாகவே வந்தது.

எல்லாம் வானொலியில் தற்செயலாகக் கேட்ட ஒரு குரலால் வந்தது. அது என்ன மொழி என்று, காணிப் பத்திர விஷயமாக அலுவலகத்துக்கு வந்த ஸபூராவிடம் விசாரித்தாள். ஸபூரா தன் தெருச் சிறுமிகளுக்கு அரபு சொல்லிக்கொடுப்பவள், இவள் வயதுதான். அடுத்த சனிக்கிழமையே பாலேஸ்வரியின் சைக்கிள் அவள் வாசலில் நின்றது.

பழைய அரபுக் கவிதைகளில் காதலி கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடுவாள். கவிஞன் வெறும் மணலில் நின்று அழுவான். "விலாசத்தைக் கேட்டு வைச்சிருக்கலாம்," என்பாள் பாலேஸ்வரி. ஒட்டகத்துக்கு அந்த மொழியில் உள்ள பெயர்களை எல்லாம் வீட்டுப் பசுவுக்கு நாளுக்கு ஒன்றாக வைத்து மனனம் செய்தாள். பசு ஒன்றுக்கும் திரும்பவில்லை.

ஒரே ஒரு குறை. சிறுவயது முதல் கோயிலில் தேவாரம் பாடியவள். பண் இல்லாமல் எதுவும் அவள் மனதில் நிற்காது. வாய்பாட்டைக்கூட அப்படித்தான் பாடமாக்கினாள். அரபுக் கவிதையும் தேவாரப் பண்ணில்தான் வந்தது. வரிகள் எல்லாம் ஒரே ஒலியில் முடிவதால், சைக்கிளில் போகும்போது அந்த இடத்தில் மணியை அடிப்பாள். நல்லூர் வீதியில் ஆட்கள் பதறி ஒதுங்குவார்கள். அவள் முந்திப் போகவே மாட்டாள்.

"கதைக்கிற மாதிரிச் சொல்லடி. அங்கை போய்ப் பாடினால் சிரிச்சுப்போட்டு அனுப்பிவிடுவினம்," என்று ஸபூரா தலையில் அடித்துக்கொள்வாள். பாலேஸ்வரி வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். இந்தப் புலமைப்பரிசில் தவறினால் பாக்தாத் இல்லை.

ரயில் ஏறிய மூன்றாம் நாள் பாலேஸ்வரி கொழும்பிலிருந்து திரும்பி வந்தாள்.

"அஞ்சாம் வரியிலை நிண்டிட்டன்."

"பிறகு?"

"மேசையிலை அவையின்ரை தேத்தண்ணிக் கோப்பையும் கரண்டியும் இருந்தது."

ஸபூரா முகத்தைப் பொத்திக்கொண்டாள். "தட்டினியோ?"

"திரும்ப முதலிலையிருந்து, இருபது வரிக்கும்."

"பாடினியோ?"

"ஓம். ஒராள் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அழுதாரோ சிரிச்சாரோ தெரியேல்லை."

எட்டு மாதம் ஒரு செய்தியும் இல்லை. ஸபூரா மணியைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. பாலேஸ்வரி "விலகுங்கோ, விலகுங்கோ" என்று கூவிக்கொண்டே வேலைக்குப் போய்வந்தாள். அதுவும் பண்ணோடுதான்.

ஐப்பசியில் அரபு எழுத்து முத்திரையோடு கடிதம் ஒன்று வந்தது. பிரிக்கப் பயந்து, என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு சோனகத் தெருவுக்கு மிதித்தாள். ஸபூரா கடிதத்தை நின்றபடி மனதுக்குள் வாசித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போய் அலுமாரியைத் திறந்து சைக்கிள் மணியை எடுத்துவந்தாள். பிறகு அந்த அரபுக் கடிதத்தை முதலிலிருந்து, பாலேஸ்வரியின் அதே பண்ணில், நீட்டிப் பாடத் தொடங்கினாள். முதல் வரி முடிந்ததும் மணியை அடித்தாள்.