பெண்ணாடத்துக்கு மூணு மணிக்குள்ள

எங்க கலியமூர்த்தி மாமாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூட சுமார்தான். ஆனா சொந்தக்காரங்க யாரு எங்க போவணும்னாலும் மொதல்ல அவருக்குத்தான் போன் அடிப்பாங்க. முப்பது வருஷமா ஸ்கூல் நோட்டு ஆர்டர் புடிக்க சிதம்பரத்துலேருந்து மாவட்டம் பூரா அலைஞ்ச மனுஷன். எந்த பஸ்ஸு எங்க டீக்கு நிக்கும், எந்த ரயில்வே கேட்டு எப்ப மூடும், எல்லாம் அத்துப்படி. "நெல்லிக்குப்பமா? கடலூர்லேருந்து பாசஞ்சர்ல போ. பஸ்ஸுன்னா கரும்பு வண்டி பின்னால ஊர்வலம்தான்"னு பட்டுனு சொல்லி வச்சிடுவாரு. அந்தத் தெனாவெட்டு எனக்கு ஆவவே ஆவாது.

போன மாசியில பெண்ணாடத்துல தில்லையம்மா பெரியம்மா தவறிடுச்சு. மாமாவுக்கும் எங்கம்மாவுக்கும் அக்கா. பத்தாவது வரைக்கும் என்னை வளத்ததே அதுதான். மூணு மணிக்கு எடுக்கறதா சேதி வந்துது. நான் காரை எடுத்தேன். வாங்கி நாப்பது நாளு.

"கார் வாணாம் அருணு"ன்னாரு மாமா. பெரியம்மா மேல போத்தப் பொறந்த வூட்டுக் கோடிப் புடவை அவரு மஞ்சப் பையில இருந்துது. "கரும்பு சீசன். பஸ்ஸு நின்னா எறங்கி நடந்துடலாம். கார் நின்னா அதைக் கட்டிகிட்டு ஒக்காந்திருக்கணும்."

"ஏசியில ஜம்முனு வரேன். நீங்க பஸ்ல தொங்குங்க மாமா." வாய்க்கொழுப்பு, வேற என்ன! அம்மா அவரோட பஸ் ஏறிடுச்சு.

பெண்ணாடத்துக்கு நாலு கிலோமீட்டர் இருக்கச்சொல்ல கரும்பு டிராக்டர் ஒண்ணு ரோட்டுக்குக் குறுக்க கவுந்து கெடந்துது. முன்னாலயும் வண்டி, பின்னாலயும் வண்டி. ரெண்டு மணிக்கு யாரோ கண்ணாடியத் தட்டுனாங்க. மாமாவும் அம்மாவும்! அவுங்க பஸ்ஸும் பின்னால நின்னுபோச்சு. எறங்கி நடந்து வராங்க.

"வரியா மாப்ள?"

"புது வண்டி மாமா, எப்படி உட்டுட்டு வரது? இப்ப கிளியர் ஆயிடும்."

ரெண்டு பேரும் விறுவிறுன்னு போயிட்டாங்க. கிளியர் ஆவல.

மூணு பத்துக்கு அம்மா போன் பண்ணுச்சு. "எடுத்துட்டாங்களா?"ன்னு கத்துனேன்.

"எங்கடா எடுக்கறது? கோடி போடாம எடுக்கக் கூடாதுல்ல. மாமா கோடியை மடியில வச்சிகிட்டு, 'எம் மாப்ள வரட்டும்'னு ஒக்காந்திருக்காரு. ஊரே சத்தம் போடுது. அசைய மாட்டேங்குறாரு."

எனக்கு அவமானமாப் போச்சு. காரை ஓரங்கட்டி ஓடுனேன். கவுந்த கரும்பு மேல ஏறி எறங்கி, அந்தப் பக்கம் வந்த ஒரு டிவிஎஸ்ஸை மறிச்சி ஏறிகிட்டேன்.

வாசல்ல என்னைப் பாத்ததும் மாமா எழுந்து புடவையப் பிரிச்சாரு. ஒரு மொனைய எங்கிட்ட நீட்டுனாரு. பெரியம்மா மொகத்தப் பாத்தேன். அப்பதான் அழுகை வெடிச்சிகிட்டு வந்துது.

"கார் எங்க மாப்ள?"

"ரோட்ல கெடக்கு மாமா."

"கெடக்கட்டும். நேராப் புடி."