இரங்கல் பதிவுக்குக் கீழே எங்கள் சாமை விளம்பரம்

மாரண்டஹள்ளியில் இருந்தபடி வத்தல்மலைச் சாமையை இணையதளத்தில் விற்கிறேன். தேடலில் எங்கள் தளம் முன்னால் வர வேண்டுமென்று ஓசூர்க்காரர் ஒருவரை அமர்த்தினேன். "நெறைய பிளாக்ல கமெண்ட் போட்டு உங்க லிங்க்கைச் சேர்த்துடறேங்க, தன்னால மேல வந்துடும்" என்றார். நம்பிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, தளத்திலிருந்த எண்ணைப் பார்த்து ஒரு பெண் அழைத்தார்.

"எங்க வூட்டுக்காரர் செத்ததைப் பத்தி பிளாக்ல எழுதியிருந்தேனுங்க. அதுக்குக் கீழ 'அருமையான பதிவு, சாமை வாங்க எங்க தளத்துக்கு வாங்க'ன்னு போட்டிருக்கீங்களே, நீங்கல்லாம் மனுசங்கதானுங்களா?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

ஓசூர்க்காரரிடம் கேட்டதற்கு, "சாஃப்ட்வேர் தானா போடறதுங்க, அது படிச்சா பார்க்கும்?" என்று சிரித்தார்! ஆத்திரத்தில் அன்றே அவரை நிறுத்தினேன். விசாரித்ததில், இப்படிக் கொட்டும் லிங்க்குகளைத் தேடுபொறிகள் பெரும்பாலும் மதிப்பதே இல்லை என்று தெரிந்தது. எங்கள் தளமும் ஓர் இடம்கூட முன்னேறவில்லை. இதற்காகவா ஒருவரின் துக்கத்தில் கடை விரித்தோம்?

இப்போது, சாமைச் சோறு ஏன் குழைகிறது என்பது போன்ற வாடிக்கையாளர் கேள்விகளுக்கு நானே எங்கள் தளத்தில் பதில் எழுதுகிறேன். பிறர் பதிவை முழுதாகப் படிக்காமல் கருத்திடுவதில்லை. இட்டாலும் என் பெயர் மட்டுமே இருக்கும், லிங்க் இருக்காது.