அம்மா கேட்ட பாலைப் பழம்

தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்குப் பாலைப் பழத்தின் மேல் ஆசை வந்தது. எல்லாருக்கும் வருகிற மாதிரி மாங்காய், புளியங்காய் என்று வந்திருந்தால் அப்பா தப்பித்திருப்பார். நாங்கள் அப்போது அணுபுரத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். தெருவுக்குத் தெரு வரிசை பிடித்து நட்ட மரங்கள். எல்லாம் பூக்கும், நிழல் தரும், வாயில் போட ஒன்றும் தராது.

"இத்தினி மரம் கீது, ஒண்ணுலகூடவா இல்ல?" என்றார் அப்பா.

"அது நட்டு வர்ற மரம் இல்லீங்க. எங்க ஊரு கோயில் காட்டுலதான் கீது" என்றாள் அம்மா.

அங்கேதான் வில்லங்கம். அம்மாவின் ஊர் செய்யூர்ப் பக்கம். எனக்குக் காது குத்தியபோது முதல் பந்தியில் தன்னைக் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை என்று மாமாவிடம் முறுக்கிக்கொண்டு வந்தவர் அப்பா. "இனிமே அந்த வூட்டு வாசப்படிய மிதிச்சா என் பேர மாத்தி வெச்சிக்க" என்று சபதம் வேறு. சாம்பாருக்காக ஒரு சபதம்! அன்றிலிருந்து அம்மாவும் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. போகட்டுமா என்று வாய்விட்டுக் கேட்கவும் இல்லை.

அப்பா திருப்போரூர் கடைத்தெரு முழுக்க அலைந்து ஒரு பை சப்போட்டாவோடு வந்தார். "இதுவும் அதுவும் அண்ணன் தம்பி மாதிரியாம், கடக்காரன் சொல்றான்." அம்மா பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சப்போட்டா முழுக்க எனக்கு வந்தது. போதாததற்குப் பக்கத்து வீட்டு அத்தை வந்து, "மாசமா கீறவ கேட்டதக் குடுக்கலன்னா கொயந்தைக்குக் காதுல சீழு வடியும்ணா, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது.

"காட்டுக்குப் போலாம். வூட்டுக்கு இல்ல. காடு எவன் வூட்டு சொத்தும் இல்ல" என்று சட்டம் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனோம். சவுக்குத் தோப்பும் வேர்க்கடலைக் கொல்லையும் தாண்டி, ஏரிக்கரை மேட்டுச் செம்மண்ணில் அந்தக் காடு இருந்தது. வீரை, காசான், நாவல் எல்லாம் கிளை பின்னி நின்றதில் வைகாசி வெயில் தரைக்கு வரவில்லை. சாமிக்கு விட்ட காடு என்பதால் அங்கே யாரும் சுள்ளிகூட ஒடிப்பதில்லை. நடுவில் பாலை மரம். வேப்பம்பழம் போல மஞ்சள் மஞ்சளாய்ப் பழம், தரையெல்லாம் உதிர்ந்து கிடந்தது. நானும் அப்பாவும் பாய்ந்தோம். அடடா, என்ன இனிப்பு! ஆனால் நாலைந்து தின்றதுமே அதன் பால் பிசினாகி இரண்டு உதட்டையும் ஒட்டிவிடும். அம்மா மடி நிறையப் பொறுக்கிக்கொண்டு காட்டின் ஓரத்தில் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் ஏரிக்கு அந்தப் பக்கம் அவள் பிறந்த வீட்டின் ஓட்டுக்கூரை தெரியும்.

மாடு மேய்க்கிறவர் யாராவது சேதி சொல்லியிருக்க வேண்டும். மாமா சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினார். கையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி. பாலைப் பழம் தின்றவர்களுக்கு என்ன தேவைப்படும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

"மாப்ள, வூடு தோ எதுருலதான கீது. ஒரு வாய் சோறு துன்னுட்டுப் போங்க."

அப்பாவுக்கு வாய் ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா எண்ணெயை அவர் உள்ளங்கையில் ஊற்றினார். அப்பா உதட்டில் தேய்த்து, மெல்லப் பிரித்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சி மச்சான்" என்றார். பாவி மனுஷன்! ஆனாலும் மச்சான் என்றாரே, அதற்கே மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா கூரையை இன்னொரு தரம் பார்த்துவிட்டு எங்களோடு நடந்தாள்.

பஸ்ஸில் மடியிலிருந்த பழத்தையெல்லாம் ஒவ்வொன்றாக எனக்கே ஊட்டினாள். அவள் ஒன்றுகூடத் தின்னவில்லை.

"ஆச தீந்துச்சா?" என்று அப்பா கேட்டார்.

"எங்க தீந்துச்சி? இன்னும் நல்லாப் பழுக்கல. அடுத்த ஞாயித்துக்கெழம வரணும்" என்றாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

தேனாகப் பழுத்ததை வாய் கொள்ளாமல் வைத்திருந்த நான், "பொய்யி!" என்று கத்தப் பார்த்தேன். உதடு பிரியவில்லை. நியாயம் கேட்க அப்பாவைப் பார்த்தேன். என்னைவிட அதிகம் தின்றவர் அவர்தானே. அவர் கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, காயாத்தான் கீது. வரலாம்" என்றார்.

தின்றால் ஆசை தீர்ந்துவிடும், தீர்ந்தால் திரும்பி வர வழியில்லை என்பது எனக்கு விளங்க, நானும் கல்யாணமாகி எட்டாத ஊரில் வந்து உட்கார வேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், பெரியவர்கள் இரண்டு பேருக்கும் பழம் எது, காய் எது என்றுகூடத் தெரியவில்லை என்பதுதான்.