ஒரு வாய்ச் சோற்றுக்கு வெட்கிய எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடியில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, படிப்பை விட்டுச் சந்தையில் மூட்டை சுமந்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். பிறகு கோலாலம்பூரில் ரயில் பட்டறை வேலை கிடைத்தது. தீபாவளி என்றால் போதும், விடிகாலை ரயிலில் தஞ்சோங் பகார் நிலையத்தில் வந்து இறங்கிவிடுவார். உறவினர், சிநேகிதர் என ஒரு வீடு விடமாட்டார். அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எவ்வளவோ உண்டு. ஆனால் அவர் சொல்லச் சொன்னது வெட்கப்பட்ட கதையைத்தான். அதை மறைத்து மலர் போட எனக்கு மனமில்லை.

வீட்டுக்குக் கீழே மைதீன் மாமாவின் மளிகைக் கடை. தீபாவளியன்று மாமா குடும்பத்துக்கு எங்கள் வீட்டில்தான் பகல் சாப்பாடு. அதற்காகக் கோழியைக் காலையிலேயே மாமாவிடம் கொடுப்போம். அவர்தாம் இறைவன் பெயர் சொல்லி அறுத்துத் தருவார். நாங்கள் அறுத்தால் அவர்களுக்கு ஆகாது. இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த வருடம் அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போயிருந்தார். கடையிலோ நெரிசல். அண்ணனுக்குக் காத்திருக்கப் பொறுமை ஏது! கோலாலம்பூரில் நண்பர்களோடு சமைத்துச் சாப்பிட்ட பழக்கத்தில், தாமே அறுத்துச் சுத்தம் செய்து அடுப்படியில் வைத்துவிட்டார். மாமா அறுத்தது என்று எண்ணி அம்மா குழம்பு வைத்தார். மாமாவோ, கூட்டத்தில் கடையில் உடனிருந்த தம் தம்பி அறுத்துக் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

பகலில் இலை போட்டாயிற்று. மாமா "பிஸ்மில்லா" என்று சொல்லி ஒரு வாய் உண்டார். இரண்டாவது வாய்க்குக் கை உயர்ந்தபோது அண்ணன் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்.

"வேணாம் மாமா! கோழிய நான்தான் அறுத்தேன். மறந்துட்டேன் மாமா!"

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அடப் பாவி! ஊரு மாறுனா புத்தியுமா மாறும்? இனி அவங்க மூஞ்சில நான் எப்படிடா முழிப்பேன்?"

மாமா எழுந்துபோய் வாய் கொப்பளித்து வந்து, வேறு இலை கேட்டார். "தெரியாம நடந்தது, விடுங்கக்கா. ரசம் இருக்குல்ல? ஊத்துங்க. பசிக்குது லா."

அன்று மாலையே அண்ணன் ரயிலேறிவிட்டார். அதன் பிறகு தீபாவளிக்கு வரவேயில்லை. அம்மா காலமானபோது வந்தார்; அப்போதும் மாமாவின் கடையைத் தலை குனிந்தே கடந்தார். அம்மா திட்டியதில் ரோஷம் என்றே நாங்கள் பேசிக்கொண்டோம்.

நோயில் படுத்திருந்த அவரைக் கோலாலம்பூருக்குப் போய்ப் பார்த்தேன்.

"தங்கச்சி, அவர் பிஸ்மில்லா சொன்னப்பவே எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. சொன்னா மானம் போயிடுமேன்னு வாய மூடிக்கிட்டேன். அந்த மொத வாய் என் கண்ணு முன்னாலதான் உள்ள போச்சு. நான் போனப்புறம் மாமாகிட்ட சொல்லிடு" என்று அழுதார்.

அண்ணன் போய்விட்டார். தகனம் முடிந்து சிங்கப்பூர் திரும்பியதும் மாமாவிடம் சொன்னேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் புள்ள. அவன் மூஞ்சி வெளுத்தத பாத்தேனே. ரெண்டாவது வாய்க்குச் சொல்லிட்டான்ல? அதுக்காகவா இத்தன தீபாவளி வராம இருந்தான்? 'வாடா'ன்னு ஒரு வார்த்த எழுத ஒங்களுக்குத் தோணலையா?" என்றவர், "எனக்கும் தோணலையே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணனைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட பட்டறை நண்பர்களுக்கும், பாடைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், தள்ளாத வயதில் பதினாறாம் நாளுக்கு வந்து நின்ற மைதீன் மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சாவுக்கு யாரும் அழைக்க வேண்டியதில்லை, கேள்விப்பட்டதும் வந்தீர்கள். நல்ல நாளுக்குத்தான் அழைக்க வேண்டும். எங்கள் அண்ணனை நாங்கள் அழைக்கவில்லை.