கதவைத் திறந்த ஞானதாஸ்

பிரியாணிக் கடையில் இலை போட்டாகிவிட்டது. ஞானதாஸ் இன்னும் உட்காரவில்லை. தண்ணீர் வைக்க வந்தவரிடம், "ஏம்ப்பா, அந்தப் பின்கதவு எங்க போகுது?" என்று விசாரிக்கிறார்.

"சமையக்கட்டுக்குண்ணே."

"அதத் தாண்டி?"

"சந்துக்கு."

"தெறந்துருக்கா?"

"தெறந்துதான் இருக்கு. நீங்க உக்காருங்க."

எட்டிப் பார்த்து, சந்தில் விழும் வெயிலைக் கண்ட பிறகுதான் உட்காருகிறார். அதுவும் சமையற்கட்டுப் புகை முகத்தில் அடிக்கிற மேசையில். "இப்பச் சொல்லுங்க சார், ஒங்களுக்குச் சுக்காவா, கோலா உருண்டையா?"

கல்யாண மண்டபம், ஜவுளிக் கடை, கோயில், எங்கே போனாலும் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பக்கவாட்டு வாசலை ஒட்டியே நிற்பார். கோயிலில் சிலர் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடிக்கடி வெளியே போக வசதியாக நிற்கிறாராம். அவர் அதை மறுத்ததில்லை.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, நெடிய உருவம், நரைத்த மீசை. சித்திரை வெயிலிலும் காலுறை போட்டு, கயிறு கட்டும் சப்பாத்துதான் அணிவார். வீட்டு வாசலில் கழற்றினாலும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வார். மீன் டப்பா எங்கே கிடைத்தாலும் வாங்கி வந்துவிடுவார். சுடு சோற்றில் அதைக் கவிழ்த்துப் பிசைந்து தின்பார். "இத்தன வெஞ்சனம் வச்சிருக்கேன், அந்த நாத்தந்தான் வேணுமாம்" என்பார் அவர் மனைவி புஷ்பமேரி டீச்சர். டீச்சரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். ஞானதாஸ் எனக்குப் பழக்கமானது அப்படித்தான்.

திண்டுக்கல் நாகல்நகரில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையின் கிடங்கு அவர் பொறுப்பில் இருக்கிறது. எவ்வளவு சரக்கு வந்தாலும் பின்கதவு வரைக்கும் ஓர் ஆள் தாராளமாக நடந்து போகும் அகலத்துக்கு வழி விட்டுத்தான் மூட்டை அடுக்க வேண்டும். தீபாவளி நேரத்திலும் அந்தச் சட்டத்தில் தளர்வு கிடையாது. சுமை தூக்கும் நல்லுசாமி என்னிடம் குறைப்பட்டார்: "இந்த ஆளு வந்ததுலருந்து எடமே பத்தல சார். மூட்ட அடுக்குற எடத்துல காத்த அடுக்கி வச்சிருக்காரு."

ஞானதாஸ் அருகில்தான் நின்றார். "மஸ்கி, விடுப்பா" என்றார்.

மஸ்கி என்றால் 'போனால் போகட்டும்'. பேருந்து கிளம்பிப் போய்விட்டால் மஸ்கி. கிடங்கு முதலாளி கத்தினால் மஸ்கி. அந்தச் சொல்லை அவர் கொண்டுவந்தது பப்புவா நியூ கினியிலிருந்து. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே கடலுக்கு நடுவில் கிடக்கும் தீவு நாடு அது. அதன் தலைநகரம் போர்ட் மோர்ஸ்பியில், ஒரு மலேசியக்காரரின் மொத்த விற்பனைக் கடைக்கு மேலாளராக ஒன்பது வருடம் இருந்தார். இங்கே அந்த நாட்டின் பேரைச் சொன்னால் முதல் கேள்வி, "அங்க மனுசக் கறி திம்பாய்ங்களாமே?" என்பதுதான். அதற்கு அவரிடம் ஒரே பதில்: "அரிசிச் சோறு திம்பாய்ங்க. நம்மள மாதிரிதான்."

அங்கே இரண்டாயிரத்து இருபத்து நான்காம் வருடம் பிறந்ததே சரியில்லை. சனவரி பத்தாம் தேதி, சம்பளத்தில் அதிகமாகப் பிடித்தம் செய்துவிட்டார்கள் என்று போலீஸ்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு நாடாளுமன்றத்தின் முன்னால் போய் நின்றார்கள். கணினியில் நேர்ந்த தவறு, அடுத்த மாதம் சரி செய்கிறோம் என்றது அரசாங்கம். அதை யாரும் கேட்கத் தயாராக இல்லை. ஊரில் போலீஸ் இல்லை என்ற செய்தி மட்டும் வேகமாகப் பரவியது. மதியத்துக்கு மேல் கடைகளை உடைக்க ஆரம்பித்தார்கள். பிறகு எரிக்க ஆரம்பித்தார்கள்.

ஞானதாஸ் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டார். உள்ளே கல்லாவில் இருக்கும் பெண்களும் சுமை தூக்குகிறவர்களும் அவரும். பின்வாசல் வழியாக எல்லோரையும் அனுப்பிவிடலாம் என்று போனால், முதல் நாள் கப்பலிலிருந்து வந்திறங்கிய அரிசி மூட்டைகள் கதவை மறைத்துக் கூரை வரைக்கும் நின்றன. அங்கே அடுக்கச் சொன்னது அவர்தான். பக்கத்துக் கடையிலிருந்து புகை வர ஆரம்பித்திருந்தது. வெளியே ஷட்டரை இரும்புக் கம்பியால் இடித்தார்கள். மலேசியாவிலிருந்து முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டு, என்ன ஆனாலும் திறக்காதே என்றார்.

கல்லாப் பெண்களில் மூத்தவள் ஆக்னஸ். செபிக் ஆற்றங்கரைக்காரி. அவள் சொன்னதையும் ஞானதாஸ் திண்டுக்கல் தமிழில்தான் சொல்வார். "பாஸ், அவுகளுக்கு வேண்டியது அரிசி. நாம இல்ல. தெறந்து விட்டுட்டு ஓரமா நிப்போம்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல. சாவி என் கையில இருந்துச்சு. தொளையில போகமாட்டேங்குது. அவதான் என் கையப் பிடிச்சுத் திருகி விட்டா."

ஷட்டர் ஏறியதும் ஒரு நிமிடம் வெளியே இருந்தவர்களே திகைத்து நின்றார்களாம். பிறகு உள்ளே பாய்ந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் சுவரோடு சுவராக ஒட்டி நகர்ந்து வெளியே வந்து, எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றார்கள். அரிசி, எண்ணெய், மீன் டப்பா, சோப்பு, மின்விசிறி என்று எல்லாம் அவர் கண் முன்னால் தெருவில் இறங்கிப் போயின. வெள்ளிக்கிழமைதோறும் வந்து மாவு வாங்கும் ஒரு பெண் இரண்டு கையிலும் எண்ணெய்க் கேனோடு அவரைத் தாண்டிப் போகும்போது, "சோரி பாஸ்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொருவன் அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்து, கைப்பேசியையும் காலில் கிடந்த செருப்பையும் பிடுங்கிக்கொண்டான். கண்ணாடிச் சில்லு சிதறிக் கிடந்த தெருவில் வெறுங்காலோடு தங்குமிடத்துக்கு நடந்து போனார்.

"அடி வாங்குனதுகூட மறந்துபோச்சு சார். பவுலுஸ் செஞ்சதுதான் மறக்கல."

பவுலுஸ் அவர் கடையிலேயே சுமை தூக்குகிறவன். எங்கா என்கிற மலை மாகாணத்துக்காரன். ஞானதாஸுக்குக் காய்ச்சல் வந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவன். மரத்தடியில் அவர் பக்கத்தில்தான் நின்றான். திடீரென்று தெருவைக் கடந்து கடைக்குள் போனான். அரிசி மூட்டை ஒன்றைத் தோளில் ஏற்றினான். அவரைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக நடந்து போனான்.

பக்கத்துக் கடை முழுவதும் எரிந்துபோனது. உள்ளே சிக்கியவர்கள் கருகிக் கிடந்தார்கள். ஞானதாஸின் கடையில் ஷட்டரைத் தவிர மிச்சம் எதுவும் இல்லை. ஆனால் தீ வைக்கவில்லை. உள்ளே இருந்த அத்தனை பேரும் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

நீங்கள் செய்ததுதான் சரி என்று நான் ஒருமுறை சொல்லப் போனேன். அவர் தலையசைக்கவில்லை. "தெரியல சார். பூட்டியே வச்சிருந்தா அலுத்துப்போய் அடுத்த தெருவுக்குப் போயிருந்தாலும் போயிருப்பாய்ங்க. யாரு கண்டா?" என்றார்.

முதலாளி விமானம் ஏறி வந்தார். திட்டவில்லை, வேலையை விட்டும் நீக்கவில்லை. கடையைக் கழுவி, சரக்கு இறக்கி, திரும்பத் திறந்தார்கள். சாவி மட்டும் ஞானதாஸ் கைக்குத் திரும்பி வரவே இல்லை. முதலாளியின் மச்சினன் ஒருவன் தினமும் காலையில் வந்து திறப்பான். மேலாளர் அவன் வரும் வரைக்கும் வாசலில், மற்ற வேலைக்காரர்களோடு நிற்பார்.

புஷ்பமேரி டீச்சரிடம் ஞானதாஸ் எதையும் சொல்லவில்லை. ஆக்னஸின் கைப்பேசியிலிருந்து கூப்பிட்டு, "என் போனு தண்ணியில விழுந்துருச்சு. இங்க ஒன்னுமில்ல, நல்ல மழ" என்றார். டீச்சருக்கோ அங்கே சேவை செய்யும் நம்மூர்க் கன்னியாஸ்திரி ஒருவர் மூலமாக முதல் நாளே எல்லாம் தெரிந்துவிட்டது.

"தண்ணியில விழுந்துச்சாம்" என்று டீச்சர் ஆசிரியர் அறையில் வைத்து என்னிடம் சொன்னார். "நானும், சரி, அரிசிக்குள்ள போட்டு வைங்க, காஞ்சுரும்னேன். அவருக்கே தாங்க முடியாமத்தான பொய் சொல்றாரு. அதப் போய் உருவலாமா? போன வச்சிட்டுக் கோயில்ல போயி அழுதேன்."

சரியாகப் பத்து மாதம் இருவரும் இப்படியே பேசினார்கள். அந்தப் பத்து மாதத்தில் அந்த நாட்டில் நடக்காதது கிடையாது. நெருக்கடி நிலை வந்தது. பிரதமரைக் கவிழ்க்க யார் யார் கட்சி மாறுகிறார்கள் என்று கிடங்கில் வானொலியை வைத்துக்கொண்டு சுமை தூக்குகிறவர்கள் பந்தயம் கட்டினார்கள். மலைப்பகுதிகளில் இனக்குழுக்கள் துப்பாக்கியோடு மோதிக்கொண்டன. மார்ச் மாதம் செபிக் பக்கம் வெள்ளம் வந்து நிற்கும்போதே நிலம் நடுங்கியது. மரக்கால்களின் மேல் நிற்கும் ஆக்னஸின் அம்மா வீடு தண்ணீருக்குள் மடங்கி விழுந்துவிட்டது. கிழவியைத் தோணியில் வைத்துக் காப்பாற்றினார்கள். ஞானதாஸ் கடைத் தார்ப்பாய்களைக் கட்டிக் கொடுத்து ஆக்னஸை ஊருக்கு அனுப்பி வைத்தார். வீட்டுக்குப் பேசும்போது, "நல்ல மழ" என்றார்.

இத்தனைக்கும் நடுவில் பவுலுஸோடு மட்டும் அவர் பேசவில்லை. கலவரம் முடிந்த வாரமே அவன் ஒன்றும் நடக்காதது போல வேலைக்கு வந்து நின்றான். இவரும் நீக்கவில்லை. இந்த மூட்டையை இங்கே வை, அதை அங்கே வை என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அவன் காலையில் வணக்கம் வைப்பான். இவர் காகிதத்தைப் பார்ப்பார். மஸ்கி என்று எல்லாவற்றையும் தள்ளிவிடுகிற மனிதருக்கு அந்த ஒரு மூட்டையைத் தள்ள முடியவில்லை.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் பவுலுஸ் அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். இவர் நிமிரவில்லை.

"பாஸ், லீவு வேணும். மலை என் வீட்டு மேல விழுந்துருச்சு."

எங்கா மாகாணத்தில் ஒரு மலையின் பாதி விடிவதற்கு முன்னால் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த கிராமத்தை மூடிவிட்டது. பவுலுஸின் மனைவி, பிள்ளைகள், அப்பா எல்லோரும் அதற்கு அடியில் இருந்தார்கள். ஞானதாஸ் எழுந்து அவனை விமான நிலையத்தில் கொண்டு போய் விட்டார். வழியில் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "அவன் முழங்கால்ல கைய வச்சுக்கிட்டேன். அம்புட்டுத்தான்."

பாதையையும் மலை மூடியிருந்ததால் இயந்திரங்கள் வரத் தாமதமானது. ஊர்க்காரர்கள் மண்வெட்டியாலும் குச்சியாலும் வெறுங்கையாலும் பாறைகளைப் புரட்டினார்கள். எத்தனை பேர் புதைந்தார்கள் என்பதில் அரசாங்கம் ஒரு கணக்குச் சொன்னது, ஊர் வேறு கணக்குச் சொன்னது. மண் இன்னும் நகர்கிறது, அபாயம் என்று கடைசியில் தோண்டுவதையே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

ஆடி மாதம் போல பவுலுஸ் திரும்பி வந்தான். வீட்டு ஆட்கள் ஒருவரையும் மண்ணிலிருந்து எடுக்க முடியவில்லை; விரல்களில் நகம் இல்லை. ஞானதாஸ் மருந்து வைத்துக் கட்டிவிட்டார். கட்டும்போது அவனாகவே சொன்னானாம்: "பாஸ், அன்னைக்கு எடுத்த அரிசிய ஊருக்குத்தான் குடுத்து விட்டேன். எல்லாரும் தின்னாங்க."

இதைச் சொல்லிவிட்டு ஞானதாஸ், "நல்லவேள, தின்னாங்க" என்றார்.

அதற்கப்புறம் அவருக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. நவம்பரில் ஒருநாள் வீட்டுக்குப் பேசும்போது, மழையைப் பற்றிச் சொல்ல வந்தவர் பாதியில் அழுதுவிட்டார். டீச்சர் ஒன்றும் கேட்காமல், "வந்துருங்க" என்றார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் திண்டுக்கல் வந்து சேர்ந்தார்.

போன கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் நானும் அவர்களோடு போயிருந்தேன். கல்லறைத் தோட்டம் முழுக்கச் செவ்வந்தியும் சாம்பிராணியும் மணத்தன. பங்குச்சாமியார் வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். ஞானதாஸ் அவருடைய அப்பா, அம்மா கல்லறைக்கு மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, முழந்தாளிட்டுச் செபம் சொன்னார். எல்லாம் முடிந்து நாங்கள் புறப்படும்போது அவரைக் காணவில்லை.

மதிற்சுவர் ஓரமாக, யாரையும் புதைக்காத ஒரு வெற்றிடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஏற்றாத மெழுகுவர்த்தி ஒன்று இருந்தது. நான் கூப்பிட வாயெடுத்தேன். டீச்சர் என் கையைத் தொட்டுத் தடுத்தார்.

அவர் மெழுகுவர்த்தியைத் தரையில் கிடத்திவிட்டு, அந்த இடத்தில் கிடந்த கற்களைப் பொறுக்க ஆரம்பித்தார். பெரியது, சின்னது என்று பார்க்காமல் ஒவ்வொன்றாக எடுத்து, எறியாமல், சுவரோரம் வைத்தார். மண்ணில் பாதி புதைந்திருந்த ஒரு கல் வரவில்லை. இரண்டு கையாலும் சுற்றிலும் மண்ணைப் பறித்து, மெதுவாக அசைத்து, அதையும் எடுத்தார். பிறகு உள்ளங்கையை மண்ணின் மேல் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார்.