வெள்ளிச் சொம்பும் வெள்ளைத் தாளும்

கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன ஒரு பெண் அழுதுகொண்டே பிறந்தகம் போனதற்கு நான்தான் காரணம். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். சித்தப்பாமேல் இருந்த பெருமையில் செய்தேன். அதனால் செய்தது தப்பில்லை என்று ஆகிவிடாது.

சித்தப்பா திருவனந்தபுரம் நகரக் கழிவுநீர்ப் பிரிவில் மேற்பார்வையாளர். பாதாளச் சாக்கடையில் எங்கே கெட்ட காற்று சேர்கிறது, எங்கே நாற்றம் மேலே வருகிறது என்று கண்டுபிடித்து அதற்கு வழி செய்வது அவர் வேலை. கரமனையில் எங்கள் அக்கிரகாரத்தில் இதையெல்லாம் வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். நான் சொல்லிக்கொள்வேன். "உங்க சித்தப்பாவுக்கு மோந்து பாக்கத்தான் சம்பளமாமே" என்று பையன்கள் சீண்டுவார்கள். "ஆமாம், அவர் மோந்து பாக்கலேன்னா நீங்க மூக்கைப் பொத்திண்டுதான் சாப்பிடணும்" என்பேன்.

மருந்தில் தோய்த்து உலர்த்திய தாள் துண்டுகளை அவர் ஒரு பாட்டிலில் வைத்திருந்தார். ஒன்றை நூலில் கட்டிச் சாக்கடை மூடியின் ஓட்டை வழியாக உள்ளே தொங்கவிடுவார். கெட்ட காற்று பட்டால் தாள் கறுக்கும். அந்த இடத்தில் உயரமான இரும்புக் குழாய் ஒன்றை நட்டுக் காற்றைக் கூரைகளுக்கு மேலே அனுப்பிவிடுவார்கள். சந்தைப் பக்கத்தில் ஒரு தெருவுக்குக் குழாய் வந்தபிறகு தொங்கவிட்ட தாளை வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினார். "பாத்தியாடா, மல்லிப்பூவாட்டம்" என்றார். வெள்ளைத் தாள் என்றால் சித்தப்பா ஜெயித்துவிட்டார் என்று அன்றைக்கு என் மனதில் பதிந்துபோனது.

எங்கள் தெருவின் கடைசி வீடு ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவளை நான் மன்னி என்று கூப்பிடுவேன். அவள் கொண்டுவந்த வெள்ளிச் சொம்பும் விளக்கும் சீக்கிரமே கறுத்துவிட்டன. தேய்த்தால் வெளுக்கும், மறுபடி கறுக்கும். கலப்பட வெள்ளியைக் கொடுத்துச் சம்பந்தி ஏமாற்றிவிட்டார் என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னாள். அந்த மாமியின் சொந்த வெள்ளி, பட்டுத்துணி சுற்றிப் பெட்டிக்குள் பத்திரமாகப் பளபளத்துக்கொண்டிருந்தது.

சித்தப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வெள்ளிமேல குத்தமில்லே மாமி. குளிமுறி ஜலதாரை வழியா சாக்கடைக் காத்து ஏறறது, அது பட்டுத்தான் கறுக்கறது" என்று போய்ச் சொன்னார். "நீ அவாளுக்கு வக்கீலோ? சரி, உன் தாளே சொல்லட்டும்" என்றாளாம் மாமி. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். கடைசி வீட்டு வாசல் சாக்கடையில் சித்தப்பா தாள் தொங்கவிட்டிருக்கிறார், அதைப் பார்க்க அவருடைய மேலதிகாரி சாயங்காலம் வருகிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

பள்ளி விட்டு வந்ததும் நேரே கடைசி வீட்டு வாசலுக்குப் போய் நூலை இழுத்துப் பார்த்தேன். தாள் கரியாக இருந்தது. சித்தப்பா மானம் போகப்போகிறதே என்று பதறிவிட்டேன். என் டிராயிங் நோட்டிலிருந்து அதே அளவில் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டித் தொங்கவிட்டேன். கறுத்ததை ஆற்றில் எறிந்தேன்.

மேலதிகாரி தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேப்பர் வெள்ளையாணல்லோ. பின்னெ எந்தினா பைப்பு?" என்று மலையாளத்தில் கேட்டார். தாள் வெள்ளையாக இருக்கும்போது குழாய் எதற்கு என்று அர்த்தம். தாளை ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். நான் சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற மன்னியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னியின் அப்பா வந்து, பெண்ணை அழைத்துக்கொண்டு வெள்ளியையும் எடுத்துப்போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. மறுநாள் மாமி எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "சாக்கடைமேல பழியைப் போட்டாளே, தாளே சொல்லிடுத்து பாத்தேளா" என்றாள். நான் செய்த காரியம் என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். "ஏன்டா?" என்று மட்டும் கேட்டார். "நீங்க ஜெயிக்கணும்னு" என்றேன். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைக் கடைசி வீட்டுக்கு அழைத்துப்போனார். கூடத்தில் நின்று நானே சொன்னேன்.

"நன்னாத்தான் சொல்லிக் குடுத்து அழைச்சுண்டு வந்திருக்கே" என்றாள் மாமி.

சித்தப்பா வாதாடவில்லை. பெட்டியிலிருந்து அவளுடைய வெள்ளிக் குங்குமச்சிமிழ் ஒன்றைக் கேட்டு வாங்கினார். குளிமுறி மாடத்தில் அதை வைத்து, பக்கத்திலேயே ஒரு தாளையும் தொங்கவிட்டார். சில நாளில் இரண்டுமே கறுத்தன. "இதுவும் கலப்படமோ மாமி?" என்றார் சித்தப்பா. என் வாழ்க்கையில் அவ்வளவு நிமிர்ந்து நான் நின்றதில்லை. மாமி சிமிழை முந்தானையில் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

சித்தப்பா தாளோடு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். தெருக்கோடியில் குழாய் நட்டார்கள். எங்கள் கோயில் கொடிமரத்தைவிட அது உயரம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாமி மகனை அனுப்பி மருமகளை அழைத்துவரச் செய்தாள்.

மன்னி ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினாள். "தாளை மாத்தினது நான்தான் மன்னி" என்று அவளிடமும் சொன்னேன்.

"கேள்விப்பட்டேன். சித்தப்பாவுக்காகத்தானேடா" என்றாள்.

"சொம்பு, விளக்கெல்லாம் எங்கே?"

"கலப்படம்னு பேர் வாங்கினது அப்பாவாத்துலயே இருக்கட்டும்னு வெச்சுட்டு வந்துட்டேன்."

"இனிமே கறுக்காது மன்னி. அங்க பாருங்கோ, பைப் வெச்சாச்சு."

அவள் தலையைத் தூக்கிக் குழாயின் உச்சிவரை பார்த்தாள். "ரொம்ப நன்னா இருக்குடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் அவளுக்கு மூன்று குழந்தைகள் பிறந்து வளர்ந்தார்கள். வெள்ளியை மட்டும் அவள் கொண்டுவரவே இல்லை. சித்தப்பாவின் குழாய்மேல் மன்னிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.